புள்ளிக் கணக்கு

ஐயா வீட்டுச் சாமான்களைப் பங்கு வைப்பதற்காகச் சித்திரையில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். பங்காளிகள் ஐந்து வீடு. வீட்டு உள்முற்றமான வளவில் பாய் விரித்து, உள்ளறைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து அடுக்கினோம். எங்கள் அப்பத்தா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்த அட்டவணை அத்தையின் மடியில் இருந்தது. அத்தை வாசிக்க வாசிக்க நாங்கள் சாமானைத் தேடி எடுக்க வேண்டும். வெண்கலப் பானை, சரி. தூக்குச்சட்டி ஆறு, நாலுதான் இருக்கிறது, போகட்டும். அப்புறம் ஒரு வரி வந்தது: "செக்கு அடுக்கு 1, மூடியுடன்."

செக்கு என்றதும் எண்ணெய்ச் செக்குக்கு ஏதோ பாத்திரம் என்று நினைத்து அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் எனாமல் சாமான்களுக்கு நடுவில் வெள்ளையும் நீலமுமாக மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று கிடைத்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பச்சை மையில் முத்திரை: செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. அப்பத்தா அதைச் சுருக்கிச் 'செக்கு' ஆக்கியிருக்கிறார்.

ஒன்பதாவது படிக்கும் என் தம்பி மகள் உடனே போனில் தேடினாள். "இப்படி ஒரு நாடே இல்லையே பெரியப்பா" என்றாள். அத்தை அடுக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஒழுகலை, எழுதிக்க" என்றார்.

காரைக்குடி பழஞ்சாமான் கடைகளில் இந்த எனாமல் சட்டிகளைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. சுவீடன், ஆஸ்திரியா, ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். விலைக்காக யாரோ பார்ப்பார்கள். நான் நாட்டுக்காகப் பார்ப்பேன். சின்ன நாடுகள் மேல் எனக்கு ஒரு பிரியம், பைத்தியம் என்றே சொல்லலாம். வல்லரசுகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். எஸ்டோனியா எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்பது எனக்கு அதைவிடச் சுவையான கேள்வி.

செக்கோஸ்லோவாக்கியா 1918 அக்டோபர் 28-இல், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது பிறந்தது. இருபது வயதுகூட நிறையவில்லை. 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நான்கும் உட்கார்ந்து அதன் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டன. பாகம் கொடுப்பவனைப் பேச்சில் உட்காரவிடவில்லை. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வானொலியில், எங்கோ ஒரு தூர தேசத்தில் நமக்கு ஒன்றுமே தெரியாத மக்களுக்குள் நடக்கிற சண்டை என்று பேசியிருந்தார். லண்டனிலிருந்து அதன் தலைநகர் பிராகா ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். எங்கள் ஊரிலிருந்து கணக்குப் போட்டால் பல மடங்கு. அப்பத்தாவுக்குப் பெயராவது தெரிந்திருந்தது.

அந்த நாடு ஒருவழியாக 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து ரத்தமில்லாமல் வெளியே வந்து, மூன்றே வருடத்தில் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்தது. செக் பக்கத்துப் பிரதமர் கிளாவுஸ், ஸ்லோவாக் பக்கத்துப் பிரதமர் மெச்சியார், 1992 கோடையில் இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். பொதுவாக்கெடுப்பு கிடையாது. இரு பக்கத்து மக்களிலும் பெரும்பாலோர் பிரிவை விரும்பவில்லை என்றுதான் அப்போதைய கருத்துக் கணிப்புகள் சொல்லின. ஜனாதிபதி ஹவேல் இதற்குத் தலைமை தாங்க மாட்டேன் என்று விலகிக்கொண்டார். செக் மக்கள் ஒரு கோடி, ஸ்லோவாக் மக்கள் ஐம்பது லட்சம். அதனால் பொதுச் சொத்து இரண்டுக்கு ஒன்று. 1993 ஜனவரி 1-ஆம் தேதி இரண்டு நாடு. பணம் மட்டும் கொஞ்ச நாள் பொதுவாக இருந்தது. பிப்ரவரியில் அதுவும் முடியாமல் போய், பழைய நோட்டுகள் மேலேயே ஆளுக்கொரு வில்லை ஒட்டிப் பிரித்துக்கொண்டார்கள்.

இத்தனை சுமுகமாக நடந்ததில் ஒரே ஒரு உரசல். பொது நாட்டின் சின்னங்களை இருவருமே பயன்படுத்துவதில்லை என்று சட்டமே போட்டிருந்தும், செக் நாடு பழைய கொடியை அப்படியே தன் கொடியாக வைத்துக்கொண்டது. இது எனக்கு ரொம்பவே புரிகிறது. எங்கள் பங்கிலும் வெள்ளி, வைரத்தில் ஒரு பேச்சு வரவில்லை. முகப்பில் தொங்கிய ஊஞ்சல் பலகையில்தான் வந்தது.

தம்பி மகளுக்கு நான் ஒரு கணக்குச் சொன்னேன். நம் சிவகங்கை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 13,39,101 பேர். எஸ்டோனியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய அதே அளவு. மொரீஷியஸ் கொஞ்சம் குறைவு. ஐஸ்லாந்தில் நாலு லட்சம்கூட இல்லை. காரைக்குடி நகரத்தில் மட்டும் அந்தக் கணக்கெடுப்பில் 1,06,714 பேர். டோங்கா முழு நாடுமே அவ்வளவுதான். சான் மரீனோ என்றால் நம் ஊர்ப் பேட்டை ஒன்றில் அடங்கிவிடும். நமக்கு ஒரு கலெக்டர், அவர்களுக்கு ஒரு வெளியுறவு அமைச்சர்.

"அப்ப அவங்களுக்கும் நமக்கும் ஐ.நா.வில ஒரே ஓட்டா?" என்று கேட்டாள். ஆமாம், நூற்று நாற்பது கோடிக்கும் ஒன்று, ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இருக்கும் துவாலுவுக்கும் ஒன்று. அது எப்படி நியாயம் என்று அவளுக்குக் கோபம். அத்தை நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "புள்ளி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்களில், கல்யாணம் ஆனால்தான் ஒருவன் கணக்கில் வருவான். கோயிலிலிருந்து மாலை வந்து, கல்யாணம் பதிவானதும் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வசூலிப்பது புள்ளிவரி. ரங்கூனில் ஏழு கடை வைத்திருந்தவரும் ஒரு புள்ளி, அவர் கடையில் அடுத்தாளாகச் சம்பளத்துக்குப் போனவரும் ஒரு புள்ளி. ஆனால் கோயில் செலவு புள்ளியை வைத்து மட்டும் ஓடாது. சொத்தைப் பார்த்து ஆஸ்திவரி என்று வேறே உண்டு.

ஐ.நா. சபையும் இதே முறையில்தான் ஓடுகிறது. சேர்ந்த 193 நாட்டுக்கும் ஆளுக்கொரு ஓட்டு, அது புள்ளி. செலவுக்கான பங்கு நாட்டு வருமானத்தைப் பார்த்துப் போடுவது, அது ஆஸ்தி. அதிகபட்சம் 22 சதவீதம், அமெரிக்கா கொடுக்க வேண்டியது. குறைந்தபட்சம் 0.001 சதவீதம், நவூரு, துவாலு போன்றவர்கள் கொடுப்பது. அத்தை ஐ.நா.வைப் பற்றி ஒரு வரி படித்தவர் இல்லை. இத்தனை வருடம் நான் படித்து எனக்கு வராத ஒப்புமை அவருக்குக் கீரை ஆய்கிற மாதிரி வந்துவிட்டது. பாதுகாப்புச் சபையில் ஐந்து பேருக்கு இருக்கும் ரத்து அதிகாரத்தை மட்டும் எங்கள் கோயில் கணக்கில் எதோடும் ஒப்பிட முடியவில்லை. நல்லவேளை.

புள்ளியால் என்ன ஆகிவிடும் என்றால், மொரீஷியஸைப் பார்க்கலாம்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பது பலருக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு, அப்புறம்தான் இந்தி. 1998-இல் வந்த நோட்டுகளில் இந்த வரிசை மாறி, இந்தி முன்னே போய்விட்டது. அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்ததில் அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய வரிசையில் அச்சடித்தது. பன்னிரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் தமிழர்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. சின்ன நாட்டில் அடுத்த வீட்டுக் கோபம் அமைச்சர் காதில் விழும் என்பது ஒரு வசதி.

அதே மொரீஷியஸுக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று வருடம் முன்பே, 1965-இல், சாகோஸ் தீவுக்கூட்டத்தை பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து அறுத்துத் தனியாக வைத்துக்கொண்டது. அதில் தியேகோ கார்சியா என்கிற தீவை ராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அங்கே தலைமுறையாக வாழ்ந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறையாத மக்களை 1973-க்குள் கப்பலில் ஏற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். பாகத்தைப் பதிவு செய்வதற்கு முந்தின நாள் நிலத்தில் நல்ல துண்டை வேறு பேருக்கு மாற்றி எழுதுகிற வேலை. நம் பக்கத்து வக்கீல் யாரைக் கேட்டாலும் பத்து கேஸ் சொல்வார்.

மொரீஷியஸிடம் சண்டைக்குப் போகப் படை கிடையாது. அது புள்ளி புள்ளியாகச் சேர்த்தது. 2017-இல் பொதுச்சபையில் ஓட்டு வாங்கி விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம், பிரித்ததே சட்டப்படி செல்லாது, பிரிட்டன் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று கருத்துச் சொன்னது. மே 22-ஆம் தேதி பொதுச்சபையில் மொரீஷியஸ் பக்கம் 116, எதிர்ப்பு 6, ஒதுங்கியவர்கள் 56. எதிர்த்த ஆறில் பிரிட்டன், அமெரிக்கா இருந்தது ஆச்சரியமில்லை. மாலத்தீவும் இருந்தது. சாகோஸுக்கும் மாலத்தீவுக்கும் கடல் எல்லைத் தகராறு. அது மொரீஷியஸ் கைக்குப் போனால் தன் பங்கு குறையுமோ என்ற பயம். சின்னவர்கள் எல்லாம் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் பங்காளி வீட்டில் பிறக்காதவர்கள்.

2025 மே 22-இல், அந்த ஓட்டெடுப்புக்கு ஆறு வருடம் கழித்து அதே தேதியில், சாகோஸ் மொரீஷியஸுக்கே சொந்தம் என்று ஒத்துக்கொண்டு பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. தியேகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகை. வீடுவாசல் இழந்த சாகோஸ் மக்களை இந்தப் பேச்சில் யாரும் சரியாகக் கலந்துகொள்ளவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு இருக்கிறது, அது நியாயமானதுதான். மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவை வெளியே நிறுத்திய மாதிரி, இங்கே சின்ன நாடு தன்னைவிடச் சின்னவர்களை நிறுத்திவிட்டது.

புள்ளியை விற்றும் பிழைக்கலாம். நவூரு பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. பாஸ்பேட் வெட்டி எடுத்த காலத்தில் தலைக்கு வருமானம் பார்த்தால் உலகின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். தீவின் நடுப்பகுதி முழுக்கத் தோண்டி முடித்ததும் கையில் இருந்ததையும் தப்பான முதலீடுகளில் தொலைத்தார்கள். மிச்சம் இருந்தது அங்கீகாரம், அதாவது சீனா, தைவான் இரண்டில் எந்த அரசை ஏற்றுக்கொள்வது என்பது. 2002-இல் தைவானை விட்டு சீனா பக்கம் போனது, 2005-இல் திரும்பித் தைவான், 2024 ஜனவரியில் மறுபடி சீனா. இதைக் கேட்டு யாரும் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் வேறே எதை விற்பது?

எங்கள் ஆட்களுக்கு ரொம்பத் தெரிந்த சின்ன நாடு சிங்கப்பூர். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் தரையில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டிக்கடை நடத்தியவர்கள். டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை 1859-இல் கட்டியவர்கள். ஐயாவும் அங்கேதான் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனார். 1965 ஆகஸ்ட் 9 காலையில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. பிரிந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. வெளியேற்றப்பட்டது. கேட்டு வாங்காமல் தலையில் விழுந்த சுதந்திரம். பத்தொன்பது லட்சம் மக்கள், குடிக்கத் தண்ணீர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வர வேண்டும், பாதுகாப்புக்கு பிரிட்டிஷ் தளம். மூன்றே வருடத்தில் பிரிட்டிஷ்காரர்களும் மூட்டை கட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் சிரம்பானில் வளர்ந்தவர். பிரிந்து ஆறு வாரத்தில், செப்டம்பர் 21-ஆம் தேதி, ஐ.நா.வில் 117-ஆவது உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். 1967-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானை ஆரம்பித்த ஐந்து கையெழுத்தில் ஒன்று அவருடையது. துரத்திவிட்ட மலேசியா கையெழுத்தும், கொஞ்ச நாள் முன்பு குண்டு வைத்த இந்தோனேசியா கையெழுத்தும் அதே தாளில் இருந்தன. ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளுக்கு நடுவில் குடியிருப்பவனுக்குத்தான் இந்தப் பொறுமையின் விலை தெரியும்.

சிங்கப்பூர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது 1983. அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் படையை இறக்கியது. அமெரிக்கா சிங்கப்பூருக்கு வேண்டிய நாடு. இருந்தும் அதைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஐ.நா.வில் சிங்கப்பூர் ஆதரவாகக் கையைத் தூக்கியது. நண்பன் வீட்டு ஆளே செய்தாலும், சின்ன வீட்டுக்குள் புகுவது தப்பு என்று இன்று சொல்லாவிட்டால் நாளை நம் வீட்டுக்கு யார் சொல்வார் என்கிற கணக்கு. தண்ணீர் விஷயத்திலும் கணக்குதான். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாளைக்கு 25 கோடி கேலன் எடுத்துக்கொள்ளலாம். அது முடியும் நாளை எண்ணிக்கொண்டே கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் கடல்நீரைக் குடிநீராக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு கோடிக்குக் குறைந்த மக்கள் உள்ள நாடுகளுக்கென்று 1992-இல் ஐ.நா.வில் ஒரு கூட்டமைப்பும் ஆரம்பித்தார்கள். இன்று அதில் நூறுக்கும் மேல் நாடுகள். அதாவது 193 புள்ளியில் பாதிக்கு மேல்.

எஸ்டோனியாவைச் சொல்லாமல் விட மனமில்லை. 1940-இல் சோவியத் விழுங்கி 1991-இல் மீண்ட நாடு. அரசாங்கக் கணக்கு, நிலப் பதிவு எல்லாம் கணினியில் ஏற்றிவிட்டு, அதில் ஒரு பிரதியை லக்சம்பர்கில் தூதரகம் மாதிரியே பாதுகாப்பு உள்ள இடத்தில் வைத்திருக்கிறார்கள். நாடு பறிபோனாலும் பேரேடு பிழைக்கட்டும் என்று. கடல் கடந்த கடையிலிருந்து ஐந்தொகையை, அதாவது வரவுசெலவின் முடிவுக் கணக்கை, ஊருக்கு அனுப்பிய ஆட்களுக்கு இது புரியாமல் இருக்காது. 1942-இல் பர்மாவை விட்டு வந்தவர்களிடம் மிஞ்சியதும் தாள்தான்.

பர்மா என்று எழுதிவிட்டதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வீடுகளில் பர்மா என்றாலே விட்டு வந்த சொத்தும் நடந்து வந்த பாதையும்தான் பேச்சு. ஆனால் முப்பதுகளின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார் கையில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறியது. சட்டப்படிதான் மாறியது. அந்த விவசாயி வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தால் வல்லரசு யார்? எங்கள் பட்டாலைக் கூடத்தில் பெல்ஜியம் கண்ணாடி ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. 1839-இல் பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து நடுநிலை நாடு என்று எழுதிக் கொடுத்தும் 1914-இல் ஜெர்மனி மிதித்துக்கொண்டு போன பாவப்பட்ட பெல்ஜியம். அதே நாட்டின் ராஜாதான் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தத் தோட்டமாக வைத்து அந்த மக்களை வதைத்தவர். சின்னது என்பது அளவுதான், குணம் இல்லை.

நாம் பெரிய வீட்டில் இருக்கிறோம் என்பதையும் இலங்கைதான் எனக்குக் காட்டியது. சுதந்திரம் வந்த 1948-லேயே கொண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-இல் பாதிப் பாதியாக முடித்தார்கள். இது இரண்டு அரசுகளுக்கு நல்ல ராஜதந்திரம். பக்கத்துச் சின்ன நாட்டைச் சமாதானமாக வைத்துக்கொள்ள பெரிய நாடு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்தது எதை என்பதுதான் கேள்வி. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்த குடும்பங்களில் பலருக்கு இந்தியா அன்றுதான் முதல் தடவை. பெரியது, சின்னது எதற்கும் அவர்கள் புள்ளியாக வரவில்லை.

சாமானெல்லாம் ஐந்து பங்காகப் பிரித்துத் திருவுளச்சீட்டுப் போட்டோம். செக்கு அடுக்கு இருந்த பங்கு சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு விழுந்தது. பெட்டியில் இடமில்லை, பிளாட்டில் வைக்கவும் இடமில்லை என்று இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். தம்பி மகள் புதிய அட்டவணை எழுதும்போது நாட்டின் பெயருக்கு நேரே 'செக், ஸ்லோவாக்கியா (1993-க்குப் பின்)' என்று எழுதினாள். அத்தை அதை அடித்துவிட்டு 'செக்கு அடுக்கு' என்று எழுதச் சொன்னார், தேடினால் கிடைக்க வேண்டாமா என்று. ஊஞ்சல் பலகை இன்னும் முடிவாகவில்லை. சங்கிலியைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறது. தையில் எல்லோரும் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.